டாக்டர் முதலில் கேட்ட கேள்வி

என் கணவரின் இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. எழுபதுகளின் கடைசி அது. அவருக்கு இருபத்து நான்கு வயது. ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் ஆந்திரா, கர்நாடகம் என்று போய்விட்டு எப்போது திரும்பும் என்றே தெரியாது. ராத்திரி பகல் பார்க்காமல் துளை போடுவார்கள். பூமிக்குள்ளிருந்து பீய்ச்சி அடிக்கும் சேற்றில்தான் நாள் பூராவும் நிற்பார்கள். அதனால் அது சேற்றுப்புண் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

ஊசி போட்டுப் பார்த்தோம். பச்சிலை அரைத்துக் கட்டினோம். புண் ஆறுவதற்குப் பதிலாக விரல் கறுக்கத் தொடங்கியது. அதற்கும் முன்பிருந்தே நடையில் ஒரு கோளாறு இருந்தது. வீட்டிலிருந்து களத்துமேட்டுக்குப் போவதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுவார். யாராவது பார்த்தால் செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொள்வார். இந்த வயதில் நடக்க முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

கடைசியில் என் மாமனார்தான் சேலத்துக்குப் போகலாம் என்றார். அவர் அதிகம் பேசாத மனிதர். நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் போடும் காட்டைத் தவிர வேறு உலகம் அவருக்குக் கிடையாது. வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டார். அவர் எதிரில் என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரிக் வண்டியிலிருந்து ஊர் திரும்பும்போது ஓடைப் பாலத்திலேயே வாயில் இருக்கும் பீடியை எறிந்துவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்குள் வருவார். அவர் சட்டைகளைத் துவைப்பது நான். எந்தச் சட்டையை எடுத்தாலும் நெஞ்சுப் பக்கம் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஏலக்காய் எனக்குப் போதவில்லை. அவர் அப்பாவை ஏமாற்ற அது போதுமாக இருந்தது.

சேலத்தில் எங்களைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுக்காரர். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரிக்கச் சொன்னார். புண்ணை அவர் உடனே பார்க்கவில்லை. பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். வலது காலிலும் அதேபோல வைத்துப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "பீடியா, சிகரெட்டா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க," என்றார் என் கணவர்.

பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். "எங்கூட்ல ஆருக்கும் அந்தப் பழக்கமில்லீங்க டாக்டர்," என்று அவரும் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் விடவில்லை. பீடி குடிக்காதவர் என்றால் இது வேறு நோய், குடிக்கிறவர் என்றால் அவர் சந்தேகப்படுகிற நோய், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல, அதனால் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். என் கணவர் தலையைக் குனிந்தபடியே இல்லை என்று ஆட்டினார். அந்தக் கறுத்த விரல் எனக்கு நேர் எதிரில் இருந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியார் வழியாகத்தான் சொல்வேன். அவர் இருக்கும் இடத்தில், வேற்று ஆள் முன்னால், நான் வாய் திறந்ததே இல்லை.

"குடிக்கறாருங்க," என்றேன். "பீடி. ரிக்குல இருந்தா நாள் முச்சூடும் குடிப்பாருங்க."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அந்த நோய்க்கு ஒரு நீளமான பெயர் சொன்னார் டாக்டர். எனக்கு வாயில் நுழையவில்லை. விஷயம் மட்டும் புரிந்தது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கி அடைத்துப்போகின்றன, ரத்தம் போகாத இடம் செத்துப்போகிறது. பீடி குடிக்கிற இளவட்டங்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பீடியை விட்டால் அந்த அளவோடு நிற்கும். விடாவிட்டால் விரல், பாதம், கால் என்று ஏறிக்கொண்டே போகும். அப்புறம் அடுத்த கால். "நான் குடுக்கிற மருந்தெல்லாம் பாதிதான். மீதி அவர் கையில இருக்கு," என்றார்.

ஆண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். பீடியை நிறுத்துவதற்கென்று ஒரு மாத்திரையும் எங்களுக்குத் தெரிந்து அப்போது கிடையாது. அந்த வார்டுக்கு ஒரு சிஸ்டர் இருந்தார். சேலம் டவுனிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட சங்கிலி. அவர்தான் என் கணவரின் கட்டிலைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். தன் வீட்டிலிருந்து கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். பொரிகடலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். நினைப்பு வரும்போதெல்லாம் எதையாவது மெல்லட்டும், தண்ணீர் குடிக்கட்டும், அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்றார்.

டாக்டர் அந்த வார்டில் இருந்த எல்லா இளவட்டங்களையும் இதே கேள்வி கேட்டார். கை முறிந்து வந்தவனையும் கேட்டார், குடல்வால் அறுத்துக்கொண்டு படுத்திருந்தவனையும் கேட்டார். கேட்பதற்கு முன்னால் அப்பா அம்மாவை வெளியே போகச் சொல்லிவிடுவார். அவருக்கு அந்த வழக்கம் எங்கள் விஷயத்துக்குப் பிறகுதான் வந்தது என்று சிஸ்டர் சொன்னார். இளம்பிள்ளை ஊரில் தறி ஓட்டுகிற ஒருவன் வயிற்றுவலியோடு வந்திருந்தான். பதினெட்டு வயதிருக்கும். வாயே திறக்கவில்லை. டாக்டர் அவன் வலது கையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நகத்தில் இருந்த மஞ்சள் கறையைக் காட்டினார். அவன் அழுதுவிட்டான்.

என் கணவர் அழவில்லை. முதல் சில நாட்கள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. தட்டை வீசினார். நான் நீட்டிய தம்ளரை வாங்கமாட்டார். சிஸ்டர் கொடுத்தால் வாங்குவார்.

"காட்டிக் குடுத்தவ தானே நீ. போ, போயி உங்கூட்ல இரு," என்றார் என்னிடம்.

நான் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக் கிடந்தேன். ரத்தம் போகாத காலின் வலி எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். படுத்தால் வலி கூடும். காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் குறையும். அதனால் உட்கார்ந்தபடியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார். துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வார். ஒரு பீடி இழுத்தால் வலி தெரியாது என்பது அவர் நம்பிக்கை. பீடிதான் வலி என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ரிக் வண்டிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வாழைப்பழச் சீப்புக்கு அடியில் பீடிக்கட்டு வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் தீப்பெட்டி வந்தது. நான் தலையணையைப் பிரித்துப் பார்த்தேன், மெத்தைக்கு அடியில் கை விட்டுத் துழாவினேன். அவர் தூங்கும்போது சட்டைப்பையைத் தடவினேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒருநாள் சிஸ்டர் கட்டு மாற்றும்போது, புண்ணைச் சுற்றியிருந்த துணிக்குள்ளிருந்தே மூன்று நான்கு பீடிகள் விழுந்தன. சிஸ்டர் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு கட்டுப் போட்டார். கட்டி முடித்ததும் மேஜைக்குப் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே நோயோடு பள்ளிபாளையத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் கணவரைவிட இளையவர். அவருக்குக் கைகளில் வந்துவிட்டது. விரல் நுனிகள் போய் இரண்டு கைகளிலும் கட்டு. ஒருநாள் என் கணவர் தானாகவே என்னிடம் பேசினார். ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்தப் பள்ளிபாளையத்துக்காரர் பீடி குடிக்கத் தான் உதவியதாகச் சொன்னார்.

"அவனால புடிக்க முடியலை. நான் அவன் வாயில வெச்சுப் புடிச்சுக்கிட்டேன்," என்றார்.

இதைப் பார்த்தாவது பயம் வந்திருக்கும் என்று என் மனசு துள்ளியது. அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அப்பறம் எனக்கு ஒன்னு பத்த வெச்சுக்கிட்டேன்," என்றார். பொய் சொல்லவில்லை, சண்டைக்கும் வரவில்லை. தன்னால் முடியவில்லை என்பதை எனக்குச் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அதுவரை இருந்த கோபம் போய் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு இடுப்புப் பக்கம் ஒரு நரம்பை வெட்டும் ஆபரேஷன் செய்தார்கள். அப்படிச் செய்தால் சுருங்கின குழாய்கள் கொஞ்சம் விரியும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து அவரைக் கொண்டுவந்து போட்டதும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. எத்தனையோ மாதமாகக் கல்லாகக் குளிர்ந்து கிடந்த பாதம். மாமனாரிடம் ஓடிப்போய், "சுடுதுங்க மாமா," என்றேன். அவரும் வந்து தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு வாரம் எங்களுக்குத் தீபாவளிபோல இருந்தது. அவர் காட்டிலிருந்து இளநீர் கொண்டுவந்து வார்டில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார்.

பாதம் மறுபடியும் குளிர்ந்தது. அடுத்த விரலும் கறுத்தது. எங்கிருந்தோ பீடி வந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "எனக்கு இதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியல," என்று என் கணவரிடமே சொன்னார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கு அடுத்து வந்த ஒரு மத்தியானம். கேன்டீனில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கட்டிலில் அவர் இல்லை. சக்கர நாற்காலியும் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். வேப்பமரத்து நிழலில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"ஒன்னே ஒன்னுப்பா," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு பீடி. அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். தீக்குச்சியைக் கிழித்தார், அணைந்தது. இன்னொன்று கிழித்தார். பீடியை இழுத்தால்தான் பற்றும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. மகன்தான் அழுகைக்கு நடுவே, இழுங்கப்பா என்றார். அவர் இழுத்தார். இருமல் வந்து குனிந்துவிட்டார். இருமல் நின்றதும், பற்றின பீடியை மகன் வாயில் வைத்தார். வைத்துவிட்டு அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நான் பாலோடு நின்றேன். கத்த வரவில்லை. "மாமா," என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பினார். "தாங்க முடியல அம்மிணி," என்றார். "அவனுக்கில்ல. எனக்கு."

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும் என்று சில நாட்களில் டாக்டர் சொல்லிவிட்டார். மாமனார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிந்து, எடுத்த காலை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி ஆள் வந்து கேட்டார். அவர்களே புதைத்துவிடுவார்களாம். மாமனார் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாடகைக் கார் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். எங்கள் காட்டில் எங்கோ புதைத்தார். எந்த இடம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் போனபிறகு நான் வார்டு வாசலில் உட்கார்ந்து, அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தேன்.

டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் நடந்ததைச் சொல்லி, அதனால்தான் கால் போனதா என்று கேட்டேன்.

"ஒரு பீடியில போகலம்மா," என்றார். "இத்தனை வருஷத்துப் பீடியில போச்சு. அன்னைக்கு அவர் குடுக்காம இருந்திருந்தாலும் அந்தக் காலைக் காப்பாத்தியிருக்க முடியாது."

மாமனார் திரும்பி வந்ததும் இதை அப்படியே அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு," என்றார். அதற்குமேல் என்னால் அவரை நம்பவைக்க முடியவில்லை. அன்றைக்கும் முடியவில்லை, பிறகு எத்தனையோ தடவை சொல்லியும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அன்று டாக்டர் என் கையைப் பிடித்து, என் கணவரின் வலது பாதத்தின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல நாடி துடித்தது. இதை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் உடனே வாருங்கள் என்றார். அன்றிலிருந்து என் காலை வேலை அதுதான். எழுந்ததும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் காலை இழுத்துக்கொள்ளமாட்டார்.

ஒரு வருஷம்போல பீடி இல்லாமல் இருந்தார். அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கட்டைக்கால் பொருத்தி, ஊன்றுகோலோடு கடைவீதி வரை போய்வரப் பழகினார். ரிக் வண்டிகள் நிற்கிற இடத்துக்கும் போனார். போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு உலகம்தான் அவருக்கு மிச்சம் இருந்தது. சின்ன விரல் பக்கம் குளிர்கிறது என்று எனக்கு ஒரு காலையில் தோன்றியது. அடுத்த நாளும் தோன்றியது. துடிப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. மறுபடி பீடியா என்று அவரைக் கேட்டேன். "ஆமா," என்றார். அவ்வளவுதான். குழந்தை தொட்டிலில் அழுதுகொண்டிருந்தது. தூக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மாமனார் மகன் இருக்கும் அறைக்குள் வந்ததே இல்லை. சோறு தண்ணியெல்லாம் சாளைக் கொட்டகைப் பக்கமே முடித்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். நான் அவரைத் தேடிக்கொண்டு காட்டுக்குப் போனேன். குச்சிக்கிழங்குக் காட்டில் களை பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாருங்க மாமா. அடுத்த காலும் குளுந்துபோச்சுங்க," என்றேன். அவர் கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே நடந்தார்.

அறைக்குள் போனவர் கட்டிலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார். அப்பா தரையிலும் தான் மேலேயும் இருப்பது பொறுக்காமல் என் கணவர் இறங்கப் பார்த்தார், ஒற்றைக் காலோடு முடியவில்லை. மாமனார் மண் ஒட்டின இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"உன்னையக் கும்புட்டுக்கறேன் சாமி," என்றார். "ஒரு காலைப் பொதைச்சுட்டு வந்துட்டேன். இன்னொன்னப் பொதைக்க எனக்கு ஏலாது."

என் கணவர் குனிந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட முயன்றார். பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நான் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுபடி சேலத்துக்குப் போய் அதே வார்டில் படுத்தோம். வலது காலில் இரண்டு விரல்கள் போயின. பீடியை நிறுத்துவார், தவறுவார், மறுபடி நிறுத்துவார். தவறின அன்று மறைக்காமல் என்னிடம் சொல்லிவிடுவார். அது மட்டும் புதிது. தவறுகிற நாட்கள் மெல்லக் குறைந்து ஒரு கட்டத்தில் இல்லாமலே போயின. எப்போது கடைசி என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்தக் கால் தங்கிவிட்டது.

மாமனார் எண்பதுகளின் நடுவில் இறந்தார். சாகும்வரை தன் மகன் காலைத் தான்தான் எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் அன்று நான் வாய் திறந்ததைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. என் கணவரும் அந்த வார்டில் திட்டியதற்குப் பிறகு சொன்னதில்லை.

பிற்பாடு அவர் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் விற்கும் கடை ஒன்று வைத்தார். டிரைவர்களும் துளை போடும் பையன்களும் கடை வாசலில் நின்று பீடி குடிப்பார்கள். எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். புகை வந்தால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கடைக்குள்ளே தள்ளி உட்கார்ந்துகொள்வார். எனக்குத் தாளாது. உங்கள் காலைக் காட்டியாவது சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

கட்டைக்காலைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"சொன்னா ஆரு கேப்பா?" என்றார். "நானே கேக்கலையே."